கால் வைக்காத உச்சிமாளி

அந்தக் காலத்தில், பாம்பு பேசினால் பறவைக்குப் புரியும், பறவை திட்டினால் பாம்புக்கு உறைக்கும் என்றிருந்த காலத்தில், செம்மண் மேடுகளான தேரிக்காட்டில் ஒரு பெரிய பனங்கூட்டம் இருந்தது. அங்கே நிழல் குறைவு, காற்று அதிகம். முட்டை திருடுகிற சாரைப்பாம்பின் தொல்லை எல்லாவற்றையும் விட அதிகம். அதனால் அந்தப் பனைகளில் குடியிருந்த பறவைகள் தங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தன. எந்த மரத்தில் உன் கால் படுகிறதோ, அந்த மரத்துக்கு நீ காவல் இருக்க வேண்டும். கூடு உன்னுடையதா, அடுத்த வீட்டுக்காரியுடையதா என்ற பேச்சே கிடையாது. முறை வந்தால் உச்சி மட்டையில் போய் உட்கார வேண்டும். அடுத்த முறைக்காரர் வந்து கால் வைக்கிற வரை நகரக் கூடாது. பாம்பு தெரிந்தால் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், காடே திரண்டு வந்து கொத்தித் துரத்திவிடும்.

யாருக்கு எப்போது முறை என்று சொல்கிறவர் தளவாய் என்கிற பனங்காடை. நீலச் சிறகும் பெரிய தலையுமாக ஒரு மொட்டைப் பனையின் பொந்தில் குடியிருந்தார். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முறை பிசகாமல் சொல்வார். அதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமையோடு கொஞ்சம் அலட்டலும் உண்டு.

உழவாரக் குருவி உச்சிமாளிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அன்றைய உழவாரன் இன்றைய உழவாரன் மாதிரி இல்லை. உச்சிமாளிக்கு நல்ல நீளக் கால், மைனாவைப் போலத் தத்தித் தத்தி நடக்கவும் செய்வாள். ஆனால் அந்தச் சின்ன உடம்பு சிறகை விரித்துவிட்டால், அடேயப்பா! அரிவாள் வீசின மாதிரி காற்றை அறுத்துக்கொண்டு போவாள். விரட்டிப் பிடிக்க அந்தக் காட்டில் ஆளே கிடையாது. பருந்தே பாதி வழியில் மூச்சு வாங்கித் திரும்பிவிடும். அப்படிப்பட்டவளை மட்டையில் உட்காரச் சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்?

ஒருநாள் அடித்துப் பெய்துகொண்டிருந்த மழை சட்டென்று விட்டது. வெயில் எட்டிப் பார்த்தது. செம்மண்ணிலிருந்து ஈசல் கிளம்பியது பாருங்கள்! ஒரு புற்று இரண்டு புற்று இல்லை, தேரி முழுக்கக் கிளம்பியது. காட்டுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. மைனா தின்றது, கரிச்சான் தின்றது, காக்கைக்கு வாயை மூடவே நேரமில்லை. உச்சிமாளி மட்டும் மட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் முறை. அடுத்த முறை கரிச்சானுடையது. அவர் ஈசலை விட்டுவிட்டு வருவாரா? ஈசலெல்லாம் சிறகு உதிர்ந்து, தின்ன ஆளில்லாமல் மண்ணில் ஊர ஆரம்பித்த பிறகு, தொப்பையும் தானுமாக ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

உச்சிமாளிக்கு வயிறு பற்றி எரிந்தது. நேரே தளவாயின் பொந்துக்குப் பறந்தாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். கோவிக்காதீக.”

“கேளுட்டி.”

“கால் பட்டாத்தானே காவல்?”

“ஆமா. இது தெரியாமலா இத்தனை நாளு உக்காந்திருந்த?”

“கால் படலேன்னா?”

தளவாய் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

“படலேன்னா காவல் இல்லதான். ஆனா காலு படாம எப்படிட்டி இருப்ப? எங்க உக்காருவ? எங்க உறங்குவ?”

“அது எம்பாடு. காவல் இல்லைல்லா? அதை மட்டும் சொல்லுங்க.”

“இல்ல.”

“பொறவு பேச்சு மாறக் கூடாது.”

“நான் என்னைக்குட்டி பேச்சு மாறியிருக்கேன்?” என்றார் தளவாய். அது உண்மைதான். அவர் மாறியதே இல்லை.

அவ்வளவுதான்! உச்சிமாளி பொந்து வாசலிலிருந்து ஒரு தாவு தாவினாள். இரண்டு காலையும் வயிற்று இறகுக்குள் மடக்கிச் சொருகினாள். அதன் பிறகு அவற்றை எடுக்கவே இல்லை.

பறந்தாள், பறந்தாள், அப்படிப் பறந்தாள்! வாயைத் திறந்தபடியே போனால் பூச்சி தானாக உள்ளே வந்தது. குளத்துத் தண்ணீரை அலகால் கோடு கிழித்துக்கொண்டே குடித்தாள். கண் சொக்கினால் மேலே, இன்னும் மேலே, காற்று தாங்குகிற உயரத்துக்குப் போய்ச் சிறகை விரித்தபடியே உறங்கினாள். மழை வந்தால் மேகத்துக்கு மேலே ஏறிக்கொண்டாள். ஈசல் கிளம்பினால் முதல் வாய் அவளுடையது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அது சுகம்தான். காவலை விட்டுப் போனவள் அன்றைக்கே அழுதுகொண்டு திரும்பி வந்தாள் என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது பொய். அவள் அழவும் இல்லை, திரும்பவும் இல்லை. சந்தோஷத்தில் தொண்டை கிழியக் கீச்சிட்டாள்.

அவளைப் பார்த்து அவள் இனமே காலை மடக்கிக்கொண்டது. அதில் துடியான ஒருவன் அவளோடு போட்டி போட்டுப் பறந்து தோற்றான். தோற்றவனையே பிடித்துப்போய் அவள் கட்டிக்கொண்டாள். கல்யாணமும் ஆகாயத்திலேயே நடந்தது.

கீழே அவளுடைய பழைய மரத்தில் பேராச்சி என்ற தவிட்டுப்புறா குடியிருந்தாள். உச்சிமாளிக்கு மதினி முறை. மட்டை இடுக்கில் நாலு சுள்ளியை வைத்து அதைக் கூடு என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மற்றவர்களெல்லாம் உச்சிமாளியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டபோது பேராச்சி மட்டும் கழுத்தை அண்ணாந்து கேட்பாள்.

“ஏட்டி, மேல காத்து எப்படி இருக்கு?”

“சக்கரையா இருக்கு மதினி! நீங்களும் வாரீகளா?”

“நான் வந்தா இதை யாரு பாப்பா?” என்று வயிற்றுக்குக் கீழே கண்ணைக் காட்டுவாள். இரண்டு வெள்ளை முட்டை. இருவரும் சிரிப்பார்கள்.

அந்த முட்டைகளுக்குத்தான் ஒரு மத்தியானம் கெட்ட வேளை வந்தது. பேராச்சி தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். காவல் முறை தளவாயுடையது. ஊருக்கெல்லாம் முறை சொல்கிறவர், அன்றைக்குப் பார்த்துக் கீழே மணலில் கொழுத்த வெட்டுக்கிளி ஒன்றைக் கண்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், எச்சிலை விழுங்கினார், கடைசியில் சரேலென்று இறங்கிவிட்டார். வெட்டுக்கிளி தத்தித் தத்தி அவரைப் புதர்ப் புதராக இழுத்துக்கொண்டு போனது. உடைமுள் புதருக்குள் காத்திருந்த சாரை வெளியே வந்து மரத்தைப் பிடித்தது.

மேலே பறந்துகொண்டிருந்த உச்சிமாளிக்கு எல்லாம் தெரிந்தது. சொரசொரத்த பனையில் அது வளைந்து வளைந்து ஏறுவது தெரிந்தது. மட்டை இடுக்கில் அந்த இரண்டு வெள்ளையும் தெரிந்தன. கத்த வாயைத் திறந்துவிட்டாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இன்றைக்குக் கத்தினால், நாளைக்கும் கத்து என்பார்கள். நாளைக்குக் கத்தினால், மேலே சும்மாதானே இருக்கிறாய், நீயே பார்த்துக்கொள் என்பார்கள். அப்புறம் மட்டையில் உட்கார்ந்தால் என்ன, மேகத்தில் உட்கார்ந்தால் என்ன? அதுவும் காவல்தானே? என் கால் அந்த மரத்தில் படவில்லை.

உச்சிமாளி வாயை மூடினாள். சிறகைத் திருப்பிக்கொண்டு கடல் பக்கமாகப் போய்விட்டாள்.

பேராச்சி திரும்பி வந்தபோது கூட்டில் முட்டை இல்லை. சாயங்காலம் காடு கூடியது. தளவாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “தப்பு என் மேலதான்,” என்று ஒத்துக்கொண்டார். ஒரு வாரம் எல்லா மரத்துக்கும் தானே காவல் இருப்பதாகச் சொன்னார். உச்சிமாளியை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க முறையும் இல்லை. அவள் எந்த முறையையும் மீறவில்லை.

மறுநாள் பேராச்சி மேலே பறந்து வந்தாள். புறாவுக்கு அந்த உயரம் ஆகாது. மூச்சு இரைத்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, உச்சிமாளியின் பக்கத்தில் வந்து சேர்ந்தாள்.

“நேத்து மத்தியானம் நீ மேலதானே இருந்த?”

“இருந்தேன் மதினி.”

“பாத்தியா?”

பொய் சொல்லியிருக்கலாம். உச்சிமாளிக்கு அது வரவில்லை.

“பாத்தேன்.”

“ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?”

“என் காலு அந்த மரத்துல படலையே, மதினி.”

பேராச்சி திட்டுவாள் என்று உச்சிமாளி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்பாள். பேராச்சி, “ஆமா, படலதான்,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு மேலே காற்று எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. காற்றும் முன்னைப் போலச் சர்க்கரையாக இல்லை. உச்சிமாளி எவ்வளவு உயரம் போனாலும் அந்த மரம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் அவளுக்கு வயிறு கனத்தது. முட்டை!

அட, இதை யோசிக்கவே இல்லையே! ஆகாயத்தில் உண்ணலாம், உறங்கலாம், கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளலாம். முட்டையை எங்கே வைப்பது? மேகத்திலா? பதறிப்போய் வீராப்பையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மட்டையில் இறங்கப் பார்த்தாள். மடக்கிய காலை நீட்டினாள். நீட்டுவதற்குக் கால் எங்கே இருந்தது? உபயோகப்படாத காலுக்கு உடம்பு எத்தனை நாள் தீனி போடும்? சூம்பிச் சுருங்கி, நாலு விரலும் முன்பக்கமாகத் திரும்பி, கொக்கி போன்ற நகம் மட்டும் மிச்சம் இருந்தது. நிற்க முடியவில்லை. சறுக்கினாள், புரண்டாள், மரத்திலிருந்து விழுந்தாள். விழுகிற வேகத்தில் கையில் கிடைத்ததைப் பிடிக்கிற மாதிரி அந்த நகத்தால் எதையோ பிடித்தாள். ஒரு காவோலை. பழுத்துக் காய்ந்து, மரத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் தலைகீழாகத் தொங்குகிற ஓலை. அது பேராச்சியின் மரத்து ஓலையாகவே அமைந்துவிட்டது.

சுவரில் பல்லி போல ஓலையின் உள்பக்கம் ஒட்டித் தொங்கினாள். நிற்க முடியாது, ஆனால் தொங்க முடிகிறதே! காற்றில் எருக்கம்பஞ்சு மிதந்து வந்தது. எட்டிக் கவ்வினாள். வைக்க இடமில்லை, வைத்தால் வழுக்கியது. தன் எச்சிலைத் தடவி ஒட்டினாள். ஒட்டிக்கொண்டது! அவள் புருஷன்காரன் பறந்து பறந்து பஞ்சும் தூவியும் பிடித்து வந்து கொடுக்கக் கொடுக்க, தொண்டை வறளும் வரை எச்சில் கூட்டிக் கூட்டி ஒட்டினாள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திட்டு. அதில் முட்டையிட்டு, முட்டையையும் எச்சிலாலேயே ஒட்டி, நெஞ்சை அதன்மேல் அழுத்திக்கொண்டாள்.

சேதி கேட்டுத் தளவாய் வந்து ஓலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெட்டுக்கிளி விஷயத்துக்குப் பிறகு அவருடைய அலட்டல் போயிருந்தது. ஆனால் முறை முறைதானே?

“உச்சிமாளி, காவோலை மரத்தோட சேத்தி இல்ல. இன்னைக்கோ நாளைக்கோ விழப்போறது. அதுல கால் பட்டா மரத்துல பட்டதாகாது. அதனால உனக்கு முறை வராது.”

“நல்லது அண்ணாச்சி.”

“முழுசாக் கேளுட்டி. உனக்கு முறை வராது. உன் முட்டைக்கும் காவல் வராது.”

அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்திருந்தது. ஓலைக்கு மேலே மட்டை இடுக்கில் புதிதாகக் கூடு வைத்திருந்த பேராச்சி எல்லாவற்றையும் கேட்டாள். தன் புது முட்டைகளின் மேல் அசைந்து உட்கார்ந்தாள்.

பிறகு வந்தது ஆடிக் காற்று! தேரிமண் அப்படியே எழுந்து நடந்தது. காடு முழுக்கச் சிவப்பாகிவிட்டது. காவோலைகள் சடசடவென்று முறிந்து விழுந்தன. பறவைகள் கண்ணைத் திறக்க முடியாமல் சிறகுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டன. காவல் இருந்த மைனாவும் புதைத்துக்கொண்டது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. உச்சிமாளியின் ஓலை மேலும் கீழும் ஊஞ்சலாடியது. அவள் விடவில்லை. ஓலை அவளுக்கு மண்ணை மறைத்தது. அந்தக் காட்டில் கண் திறந்திருந்தவள் அவள் ஒருத்தி. அவள் முகம் மரத்தைப் பார்த்து இருந்தது.

அதனால்தான் சாரை ஏறி வந்ததை அவள் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்துவிட்டது.

“யாரு, உச்சிமாளியா?” என்றது சாரை, மரத்தில் அப்படியே நின்று. “நான் உன்னைத் தேடி வரல. மேல இருக்கவளைத் தேடி வாரேன். போன தடவை சும்மா பாத்துக்கிட்டு இருந்தியே, அதே மாதிரி இரு. உன் முட்டையை நான் தொடவே மாட்டேன்.”

உச்சிமாளி நெஞ்சை இன்னும் அழுத்திக்கொண்டாள். முட்டையின் சூடு நெஞ்சில் பட்டது. உள்ளே ஏதோ லேசாக அசைந்தது.

“கத்துனியோ, முதல்ல இந்த ஓலையைத்தான் இழுப்பேன். ஒரு இழுப்புக்குத் தாங்காது, பாத்துக்க. உனக்கென்ன வந்தது? இது உன் முறையா?”

“இல்ல.”

“உன் காலு இந்த மரத்துல பட்டிருக்கா?”

“இல்ல.”

“பொறவு என்ன? மூடிக்கிட்டுத் தொங்கு,” என்று சொல்லிவிட்டுச் சாரை மேலே நகர்ந்தது.

உச்சிமாளி கத்தினாள்! காற்றின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு, காடே விறைத்துப்போகிற மாதிரி, கீச்! கீச்! கீச்! என்று ஓயாமல் கத்தினாள்.

“யாருட்டி உன்னைக் கத்தச் சொன்னா?” என்று சீறியது சாரை.

“யாரும் சொல்லல! நானாத்தான் கத்துதேன்!”

சாரை சொன்னபடியே செய்தது. பாய்ந்து ஓலையைக் கவ்வி ஒரு இழுப்பு இழுத்தது. காம்பு படாரென்று முறிந்தது. ஓலை புரண்டு, உச்சிமாளியும் முட்டையும் தலைகீழானார்கள். அதற்குள் மேலிருந்து பேராச்சி கண்ணை மூடிக்கொண்டே சத்தம் வந்த திசையில் குதித்தாள். சாதுப் புறாவின் சிறகு அடி பாம்பின் கண்ணில் விழுந்தது. தளவாய் எங்கிருந்தோ கல் போல வந்து அதன் தலையில் இறங்கினார். மைனா, கரிச்சான், காக்கை எல்லாம் வந்துவிட்டன. சாரை பிடி நழுவி, மரத்தில் மோதி, மணலில் பொத்தென்று விழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடியே போனது!

ஓலை விழவில்லை. காம்பில் மிச்சமிருந்த நாரில் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உச்சிமாளி நகத்தை எடுக்கவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. நெஞ்சுக்குக் கீழே பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“மதினி,” என்றாள் மெதுவாக. “நீங்க பாத்துச் சொல்லுங்க.”

பேராச்சி எக்கிக் கழுத்தை நீட்டி ஓலைக்குள் பார்த்தாள்.

“இருக்குட்டி!” என்று அலறினாள். “ஒட்டிக்கிட்டு இருக்குட்டி, அப்படியே இருக்கு!”

காடே கூச்சல் போட்டது. உச்சிமாளி அப்போதுதான் அழுதாள். பேராச்சியும் அழுதாள். போன முட்டைகளுக்கா, இருந்த முட்டைகளுக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. குஞ்சு பொரித்துப் பறக்கிற வரை அந்த நார் அறவில்லை.

காற்று ஓய்ந்ததும் தளவாய் வந்தார்.

“உச்சிமாளி, உன்னை மறுபடி முறையில சேத்துக்கிடட்டுமா? காவோலையும் மரத்தோட சேத்திதான்னு நான் சொல்லிட்டாப் போச்சு.”

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் பேச்சு மாறத் தயாராக வந்திருந்தார்.

“வேண்டாம் அண்ணாச்சி. என்னை உக்கார வைக்காதீக. எனக்குப் பறக்கணும்,” என்றாள் உச்சிமாளி. “ஆனா முறையெல்லாம் காலுக்குத்தானே? எனக்குக் கண்ணு இருக்கு. கண்ணுல பட்டதுக்கு நான் பொறுப்பு.”

அன்று முதல்தான் பனை உழவாரன் மட்டையிலும் தரையிலும் கால் வைப்பதில்லை. காற்றில் ஆடுகிற ஓலையில் எச்சிலால் முட்டையை ஒட்டி, என்ன காற்று அடித்தாலும் அதைப் பற்றிக்கொண்டு தொங்குகிறது. மற்ற நேரமெல்லாம் மனம்போல ஆகாயத்தில் திரிகிறது. ஆனால் சாயங்காலமானால் கூட்டமாக வந்து பனங்காட்டைச் சுற்றிச் சுற்றிக் கீச்சிட்டுக்கொண்டே பறக்கிறதே, அப்படிக் கண் வைத்திருக்கச் சொல்லி இன்றுவரை யாரும் அதனிடம் கேட்டுக்கொண்டதில்லை.